ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

என் தங்கை மகன் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டுக்கு வருவான். வந்தால் இரண்டு நாள் தங்குவான். கம்ப்யூட்டர், போன், மென்பொருள், வீடியோ கேம் ஆகிய நான்கையும் பற்றி அவனிடம் இல்லாத அபிப்பிராயமே கிடையாது. எந்தப் போன் உருப்படும், எது உருப்படாது, எந்த மென்பொருளை எழுதினவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும், எதை எழுதினவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்பதெல்லாம் அவனைப் பொறுத்தவரையில் தீர்ந்துபோன விஷயங்கள். நான் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இலக்கியத்தைப் பற்றி இதே உறுதியோடு பேசுகிற விமரிசகர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் பலர், தாம் பேசும் சரக்கை இவன் அளவுக்குத் தொட்டுப் பார்த்தவர்கள் அல்ல.

சென்ற தீபாவளிக்கு வந்தவன், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, கோபிச்சுக்கக் கூடாது. நாவலோட காலம் முடிஞ்சுபோச்சு" என்றான்.

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இதை யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். டெலிவிஷன் வந்தபோது சொன்னார்கள். இன்டர்நெட் வந்தபோது சொன்னார்கள். காரணத்தைக் கேட்டேன். அவன் மூன்று காரணங்கள் சொன்னான்.

முதலாவது, நாவலில் யாரோ ஒருவன் செய்வதை நாம் உட்கார்ந்து பார்க்கிறோம்; விளையாட்டில் நாமே செய்கிறோம். இரண்டாவது, நாவலில் ஆசிரியர் போட்ட பாதை ஒன்றுதான்; விளையாட்டில் நமக்குச் சுதந்திரம் உண்டு, முடிவு நம் கையில். மூன்றாவது, இயந்திரம் வளர வளர விளையாட்டும் வளரும். காகிதம் என்றைக்கும் காகிதம்தான்.

மூன்றுமே யோசிக்க வேண்டிய அபிப்பிராயங்கள் என்று எனக்குப் பட்டது. ஆனால் விளையாடிப் பார்க்காமல் அவற்றுக்குப் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்த விஷயத்தில் ஒரு பெரிய மனிதர் சூடுபட்ட கதை எனக்குத் தெரியும். ரோஜர் ஈபர்ட் என்று அமெரிக்காவில் ஒரு சினிமா விமரிசகர் இருந்தார். 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் சினிமா விமரிசகர் அவரே. 2005-ல் அவர் ஒரு வாதத்தை முன்வைத்தார். நல்ல சினிமாவிலும் நல்ல இலக்கியத்திலும் கட்டுப்பாடு ஆசிரியரிடம் இருக்கிறது. வீடியோ கேமோ ஆடுகிறவனின் விருப்பப்படி போகிறது. ஆகவே அது அவற்றுக்குச் சமமாகாது என்பது அவர் கட்சி. 2010 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், வீடியோ கேம் என்றைக்குமே கலை ஆக முடியாது என்று எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் அவரே இன்னொரு கட்டுரை எழுதினார். தம் கருத்து மாறவில்லை. ஆனால் ஆடிப் பார்க்காத ஒன்றைப் பற்றித் தாம் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அதில் ஒப்புக்கொண்டார். விமரிசகர்களிடம் அபூர்வமாகக் காணும் நேர்மை இது. தப்புச் செய்யாமலே அந்த நேர்மை எனக்குக் கிடைத்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

"சரி, உன் கட்சிக்கு ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவா. நான் விசாரிக்கிறேன்" என்றேன்.

அவனிடம் இருக்கும் கம்ப்யூட்டரில், படங்களைத் தத்ரூபமாகக் காட்டுவதற்கென்றே ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. அதன் விலையைக் கேட்டால் என் தங்கைக்குத் தலை சுற்றும். ஆகவே மலையும் கடலும் குதிரையும் கோட்டையுமாக எதையாவது கொண்டுவருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பழைய லாப்டாப்பிலேயே ஏற்றிக் கொடுத்தது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற ஒரு சின்ன விளையாட்டு. கட்டம் கட்டமாகத் தெரியும் முரட்டுப் படங்கள், மங்கிய நிறங்கள். பேசுகிறவர்களின் குரல் பேச்சாகக்கூட இல்லை. கரகர என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதிலேயே அவனுடைய மூன்றாவது அபிப்பிராயம் ஆட்டம் கண்டுவிட்டது. இயந்திரத்தின் பலம்தான் கலையின் பலம் என்று சொல்கிறவன், தன் கட்சிக்குச் சாட்சி தேடும்போது ஏன் இதைக் கொண்டுவர வேண்டும்?

அவனைக் குறை சொல்வதற்கில்லை. இந்தத் துறையின் சரித்திரமே அப்படித்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆடிய 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டை 1984-ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கினார். அவர் கையில் இருந்த 'எலெக்ட்ரோனிகா 60' இயந்திரத்துக்குப் படம் போடவே தெரியாது. எழுத்துக்களை மட்டும்தான் காட்டும். அவர் அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகளாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படாடோபமான விளையாட்டுக்கள் இருந்த இடம் தெரியவில்லை; அடைப்புக்குறியில் பிறந்தது இன்னும் இருக்கிறது.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டைச் செய்தவர் லூகாஸ் போப் என்ற அமெரிக்கர். 'நாட்டி டாக்' என்ற பெரிய கம்பெனியில், தத்ரூபமான படங்களுக்குப் பேர்போன 'அன்சார்ட்டட்' வரிசை விளையாட்டுக்களில் வேலை செய்தவர். அதை விட்டுவிட்டு மனைவியோடு ஜப்பானுக்குக் குடிபோனார். வெளிநாட்டில் வசித்துக்கொண்டு அடிக்கடி விமானப் பிரயாணம் செய்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரிகளைக் கவனித்தார். நம்மில் யாரும் அந்த வரிசையில் நிற்கும்போது நம் பத்திரங்களைப் பற்றித்தான் கவலைப்படுவோம். இவருக்கோ, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. ஒரு நாவலாசிரியனுக்குத் தோன்ற வேண்டிய எண்ணம் இது. படம், சங்கீதம், கணிப்பொறிக்கான கட்டளைகள் எல்லாவற்றையும் பெரும்பாலும் தாமே செய்து 2013 ஆகஸ்டு 8-ம் தேதி வெளியிட்டார். ஈபர்ட் அதே வருஷம் ஏப்ரலில் காலமாகிவிட்டார். அவர் இதை ஆடிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கதை தொடங்குவது 1982-ம் வருஷம் நவம்பரில். ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு நாடு. பூகோளப் படத்தில் தேட வேண்டாம், கற்பனைதான். பக்கத்து நாட்டோடு ஆறு வருஷம் சண்டை போட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. கிரெஸ்டின் என்ற எல்லை ஊரில் ஒரு சோதனைச் சாவடியைத் திறக்கிறார்கள். அதில் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் உங்களுக்கு. திறமையைப் பார்த்துக் கொடுத்ததல்ல. வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது. குடியிருக்க அரசாங்கமே எட்டாம் தர வீடு ஒன்று தருகிறது. மனைவி, மகன், மாமியார், ஒரு மாமா என்று நான்கு வாய்கள் உங்களை நம்பி இருக்கின்றன.

காலையில் கூண்டுக்குள் உட்கார வேண்டும். ஒலிபெருக்கியை அமுக்கினால் வரிசையில் அடுத்த ஆள் வந்து ஜன்னலில் முகத்தைக் காட்டுவார். முதல் நாள் சுலபம். சொந்த நாட்டாரை உள்ளே விடு, அந்நியரைத் திருப்பி அனுப்பு. மறுநாளிலிருந்து விதிகள் முளைக்கின்றன. அந்நியரும் வரலாம், ஆனால் நுழைவுச் சீட்டு வேண்டும். பிறகு அந்தச் சீட்டு செல்லாது. அனுமதிப் பத்திரம் வேண்டும். வேலைக்கு வருகிறவனுக்கு அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, உயரம், எடை, முத்திரை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மேஜையோ சின்னது. ஒரு தாளை எடுத்தால் இன்னொன்று மறைகிறது. கடைசியில் ஒரு முத்திரை: பச்சை என்றால் உள்ளே, சிவப்பு என்றால் வெளியே.

சரியாகப் பார்த்து அனுப்பும் ஆள் ஒன்றுக்கு ஐந்து நாணயம் கூலி. தப்பாக அனுப்பினால் பக்கத்திலுள்ள அச்சு யந்திரம் கடகடவென்று ஒரு சீட்டைத் துப்பும். இன்ன தவறு செய்தாய் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தவறு வரையில் எச்சரிக்கையோடு சரி. மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் வீட்டுக் கணக்கு: வாடகை, சாப்பாடு, கணப்பு. பணம் போதவில்லை என்றால் எதை விடுவது என்று நீங்கள்தான் குறி போட வேண்டும். கணப்பை விட்டால் பையனுக்குக் குளிர்; குளிர் நீடித்தால் காய்ச்சல்; மருந்து வாங்காவிட்டால் ஒருநாள் அந்தப் பெயருக்கு நேரே அவன் இறந்துவிட்டான் என்று இருக்கும். அழுகை இல்லை, சங்கீதம் இல்லை. அதோடு சரி. ஜோடனை இல்லாத இந்த எழுத்தைக் கண்டு எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒரு சாவுக்கு மூன்று அத்தியாயம் எழுதியவன் நான்.

சிரிப்பும் இல்லாமல் இல்லை. ஒரு கிழவர் பாஸ்போர்ட்டே இல்லாமல் வந்து நிற்பார். திருப்பி அனுப்பினால் கோபப்பட மாட்டார். அடுத்த தடவை, உலகத்திலேயே இல்லாத ஒரு நாட்டின் பெயரில் தம் கையாலேயே எழுதி, படம் போட்டு ஒரு பாஸ்போர்ட் கொண்டுவருவார். இவரைப் போன்ற ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்துவிட்டால் எந்த நாவலாசிரியனும் அன்று நிம்மதியாகத் தூங்குவான். காவல்காரன் ஒருவன் வந்து, ஆட்களைக் கைது செய்ய அனுப்பினால் தனக்குக் கிடைப்பதில் பங்கு தருவதாக ஆசை காட்டுவான். அன்று சாயங்காலம் கணப்புக்குப் பணம் இல்லாதபோது, அவன் சொன்னது ஞாபகம் வரும்.

இனி நான் சொல்ல வந்த இடம். ஒருநாள் வரிசையில் ஒருவர் வந்தார். அவர் பத்திரங்களில் ஒரு குறையும் இல்லை. பச்சை முத்திரை குத்தினேன். போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் தயவாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து அந்த அம்மாள் வந்தாள். பாஸ்போர்ட் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லை. கேட்டால், கொடுக்க மறுத்துவிட்டார்கள் என்கிறாள். தன் ஊருக்குத் திரும்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

நான் சிவப்பு முத்திரை குத்தினேன்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அதுவரையில் நான் ஒரு தவறுகூடச் செய்திருக்கவில்லை. இரண்டு தவறு வரையில் அபராதம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அவளை உள்ளே விட்டிருந்தால் எனக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. யந்திரம் ஒரு சீட்டைத் துப்பியிருக்கும், அவ்வளவுதான். என் பையனுக்குக் குளிரும் என்று பயந்து அவளைத் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லக்கூட வழியில்லை. அந்தச் சீட்டு வரக்கூடாது என்பதற்காகவே திருப்பி அனுப்பினேன். என் மேஜை சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் காரணம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளையாட்டுக்காகவா தூக்கம் கெட வேண்டும் என்று கேட்பீர்கள். விளையாட்டுக்காக அல்ல.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வரிசை. ஒருநாள் ஒரு கிழவி வந்தாள். இறந்துபோன கணவன் பெயரில் வரவேண்டிய ஒரு சிறு தொகைக்கான மனு. காகிதங்களைப் புரட்டினேன். ஒன்றில் அவள் பெயரின் முதல் எழுத்து 'ர' என்று இருந்தது, இன்னொன்றில் 'ரெ'. நம் ஊர்களில் இதெல்லாம் சகஜம். எழுதுகிறவன் காதில் எப்படி விழுகிறதோ அப்படி எழுதுவான். அவள்தான் அவள் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. ஆனாலும், "இரண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்ததாக அவள் சொன்னாள். "அதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்றேன். உண்மையில் நான் பண்ணியிருக்கக் கூடியது ஒன்று இருந்தது. ஓர் ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கலாம். பெரியவர் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி வரக்கூடாது என்பதற்காக அவளைத் திருப்பி அனுப்பினேன்.

அவள் மறுபடியும் வந்தாளா என்று எனக்குத் தெரியாது. வேறு நாளில், வேறு ஜன்னலுக்கு வந்திருக்கலாம்.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. அதே வருஷம் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் ஈவிரக்கமில்லாத ஒரு தாசில்தார் வருவான். ஏழைகளை நடையாய் நடக்க விடுவான். அவனைத் திட்டி வாரா வாரம் வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவனை எழுதினேன். பகலில் அந்த ஜன்னலில் உட்கார்ந்துவிட்டு, இரவில் விளக்கடியில் அந்தத் தாசில்தாரை வெறுத்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. கல்நெஞ்சு படைத்த அதிகாரிகளைப் பற்றி உலக இலக்கியத்தில் நான் படித்தது கொஞ்சமல்ல. அவற்றைப் படித்தபோதெல்லாம் நான் அநீதிக்கு ஆளானவன் பக்கத்தில்தான் நின்றேன். நாவல் நம்மை அங்கேதான் நிறுத்துகிறது. நல்லவன் பக்கத்தில் நின்று அழுவது சுகமான காரியம். வாசகனுக்கு மட்டுமல்ல, எழுதுகிறவனுக்கும்.

ஆகவே என் மருமானின் முதல் அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அவன் நினைத்ததைவிட அது பெரிய உண்மை. நாமே செய்வதில் இன்பம் இருக்கிறது என்ற அர்த்தத்தில் அவன் சொன்னான். நாமே செய்தால் பழியும் நம்முடையதே என்பதுதான் அதில் விசேஷம். இதற்கு ஓர் ஒப்பீடும் கிடைத்தது. 2018-ல் ரஷ்யப் படக்காரர்கள் இந்த விளையாட்டை ஒரு குறும்படமாக எடுத்தார்கள். இகோர் சவோச்கின் என்ற நடிகர் இன்ஸ்பெக்டராக வருகிறார், நன்றாகவே நடித்திருக்கிறார். அதையும் பார்த்தேன். அதே கூண்டு, அதே முத்திரை. ஆனால் கூண்டுக்குள் இருப்பது இன்னொருவன். அவன் முத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இவன் என்ன செய்யப்போகிறான் பார்ப்போம் என்று நான் நீதிபதியைப் போல் உட்கார்ந்திருந்தேன். படம் ஓடிய நேரமெல்லாம் நான் நல்லவனாக இருந்தேன்.

இரண்டாவது அபிப்பிராயத்தைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுதந்திரம் என்றான். இந்த விளையாட்டில் சுதந்திரம் எங்கே இருக்கிறது? கூண்டை விட்டு எழுந்து போக முடியாது. வரிசையில் வருகிறவரோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச முடியாது. விதியை மாற்ற முடியாது. பச்சை, சிவப்பு என்று இரண்டே முத்திரை. கூலி, வாடகை, வரிசை, சின்ன மேஜை எல்லாவற்றையும் ஆசிரியர் அளந்து அளந்து வைத்திருக்கிறார். ஒரு காசு அதிகமாகக் கொடுத்திருந்தால் நாம் எல்லாரும் தர்மப்பிரபுக்கள் ஆகியிருப்போம். ஆசிரியரின் கட்டுப்பாடு இல்லாததால் வீடியோ கேம் கலை ஆகாது என்றார் ஈபர்ட். கட்டுப்பாடு இல்லாததால்தான் அது பெரிய கலை என்கிறான் என் மருமான். இருவரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். இங்கே கட்டுப்பாடு நாவலைவிட அதிகம். நம் கை அசைய விரலிடை விட்டிருக்கிறார். அந்த விரலிடையில் நாம் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

சுதந்திரம் என்று உண்மையிலேயே ஒன்று கொடுத்திருக்கும் இடத்தில்தான் விளையாட்டு பலவீனப்படுகிறது. இருபது விதமான முடிவுகள் இருக்கின்றன: நாட்டை விட்டு ஓடலாம், புரட்சிக் கூட்டத்தோடு சேரலாம், சிறைக்குப் போகலாம். என் மருமான் இருபதையும் பார்த்துவிட்டான். சிறுவர்கள் தபால்தலை சேர்ப்பதுபோல் சேர்த்திருக்கிறான். இருபது முடிவும் பார்த்தவனுக்கு எந்த முடிவும் முடிவாக இருக்காது. அது மட்டுமல்ல, எந்த நாளுக்கு வேண்டுமானாலும் திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடி ஆடலாம். நானும் போனேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் வந்த நாளுக்குத் திரும்பிப் போய்ப் பச்சை முத்திரை குத்தினேன். அவள் உள்ளே போனாள். யந்திரம் சீட்டைத் துப்பியது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்; இல்லை. செய்ததை அழித்துவிட முடியும் என்றால் செய்ததற்குப் பாரம் ஏது? அந்தக் கிழவி வந்த நாளுக்குத் திரும்பிப் போகும் பொத்தான் எதுவும் என்னிடம் இல்லை. நாவலுக்கும் அது கிடையாது. எத்தனை தடவை படித்தாலும், சாக வேண்டிய பாத்திரம் அதே பக்கத்தில் சாகிறது. நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். அந்தக் கையாலாகாத்தனத்தில்தான் நாவல் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வருகிறது. அதைக் குறை என்று நினைக்கிறான் என் மருமான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே போன அந்த அம்மாள் எங்கே போனாள்? கணவனைக் கண்டுபிடித்தாளா? அந்த ஊரில் எந்தத் தெருவில் குடியிருந்தாள், எப்படிப் பிழைத்தாள்? விளையாட்டுக்குத் தெரியாது. ஜன்னலைத் தாண்டியதும் அவள் இல்லாமல் போகிறாள். கொஞ்ச நாள் போனதும் எனக்கு இது வேறு விதமாகவும் உறைத்தது. கை பழகப் பழக நான் வேகமாகிவிட்டேன். பெயர்களைப் படிப்பதில்லை, எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை, படத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். இதை விளையாட்டின் குற்றம் என்று சொல்வதா, குணம் என்று சொல்வதா? ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிவது அவ்வளவுதான் என்பதால் இது உண்மையான சித்திரம். ஆனால் மனிதனுக்கு அவ்வளவு போதாது. கிழவியின் பின்னாலேயே நடந்து, பஸ் ஏறி, அவள் ஊர்க் குடிசைக்குள் போய், அன்று இரவு அவள் என்ன சாப்பிட்டாள் என்று பார்க்க வேண்டுமானால் அதற்கு நாவல்தான் வேண்டும். நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. தாசில்தாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு அவன் மறுபடி வந்தான். உட்காருவதற்கு முன்பே, "எத்தனை நாள் தாக்குப் பிடிச்சீங்க மாமா?" என்று கேட்டான்.

"அது இருக்கட்டும். புருஷனுக்குப் பின்னால ஒரு அம்மாள் வருவாளே, பத்திரம் இல்லாம. அவளை நீ உள்ளே விட்டியா?"

"விட்டேனே. அன்னைக்கு அதுவரைக்கும் ஒரே ஒரு தப்புதான் ஆகியிருந்தது. ரெண்டு வரைக்கும் அபராதம் கிடையாது இல்ல? விவரம் தெரிஞ்சவங்க தினமும் அந்த ரெண்டையும் மிச்சம் பிடிச்சு வெச்சிருப்பாங்க. இந்த மாதிரி யாராவது வந்தா செலவழிக்கலாம்."

இரக்கத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு இடம் என்று அவன் ஒதுக்கி வைத்திருக்கிறான். சிரிக்க வேண்டிய விஷயம் என்று முதலில் தோன்றியது. ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் இருந்த நான் ஓர் இடம்கூட ஒதுக்கி வைத்ததில்லையே என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

"அவ மூணாவதா வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். உள்ளேயிருந்து என் மனைவி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள், அவன் எழுந்திருக்கவில்லை. எதைக் கேட்டாலும் உடனே அபிப்பிராயம் சொல்கிற பிள்ளை, அன்று வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.